வத்தல் ரூமுக்கு நீலம் அடித்தது

மேலே இருந்து ஒரு சொட்டு நீலம் என் நெற்றியில் விழுந்தது. துடைக்கவில்லை. என் இரண்டு கைகளும் இரும்புச் சாரத்தைப் பிடித்திருந்தன.

ஒன்பது அடி உயரத்தில், பலகையின்மேல், கோமதி நின்றுகொண்டிருந்தாள். சேலைக்கு மேலே என்னுடைய பழைய காக்கிச் சட்டை. தலையில் துண்டு. கையில் ரோலர். துணிக்கு இஸ்திரி போடுவது போல, அவசரமே இல்லாமல், முகட்டுப் பலகையில் அதை இழுத்துக்கொண்டிருந்தாள்.

ஆனி மாதக் காற்று ஓடுகளுக்கு அடியில் புகுந்து ஏதோ முனகிக்கொண்டிருந்தது. கண்ணாடி ஓட்டின் வழியாக ஒரு கட்டம் வெயில் இறங்கி, அவள் தோளில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுச் சுவருக்கு நகர்ந்தது. பெயிண்ட் வாசத்துக்கு நடுவே, எங்கிருந்தோ, வத்தல் நெடி.

நான் கரண்ட் ஆபீசில் ஒயர்மேன். கம்பம் ஏறுவதுதான் என் பிழைப்பு என்று இத்தனை வாரங்களாக இந்தத் தொடரில் எழுதி வருகிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை மேலே நின்றது என் மனைவி. கீழே நின்றது நான். அது எப்படி வந்தது என்று எழுதுவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். இந்த வாரம் சொல்லிவிடுகிறேன்.

வத்தல் ரூம்

சங்கரன்கோவிலில் நாங்கள் வாங்கியது பழைய வீடு. மாடியில் ஒரே ஓர் அறை. மேலே ஓடு, ஓட்டுக்கு அடியில் பலகை. சுவரோரம் எட்டு அடி உயரம். அங்கிருந்து இரண்டு பக்கமும் சாய்ந்து ஏறி, நடு முகட்டில் பதினைந்து அடி. எங்களுக்கு முன்னால் இருந்தவர் மிளகாய் வத்தல் வியாபாரி. கூரைவரை மூடை அடுக்குவாராம். அதனால் அதற்கு இன்றைக்கும் வத்தல் ரூம் என்றுதான் பெயர்.

கோமதி தையல்காரி. எங்கள் தெருவில் நான்கு கோமதிகள் உண்டு. ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் "மிஷின் கோமதி வீடு எது" என்று கேட்டு வருவார்கள். கீழே இடம் போதாமல் மிஷினை மாடிக்கு ஏற்றினாள். ஜன்னல் இரண்டு, கண்ணாடி ஓடு ஒன்று, நான் போட்டுக் கொடுத்த டியூப்லைட் மூன்று. இருந்தும் அவளுக்கு வெளிச்சம் போதவில்லை.

"வாற வெளிச்சத்த எல்லாம் அந்தப் பலகை தின்னுருது" என்றாள். "ஊசில நூல் கோக்கதுக்கு வாசலுக்கு ஓட வேண்டியிருக்கு."

"இன்னொரு லைட் போட்டுத் தாரேன்."

"உங்க லைட்டுல செவப்பும் மெரூனும் ஒண்ணுபோல தெரியுது. எனக்குப் பகல் வெளிச்சம் வேணும். மேல கலர் அடிக்கணும்."

பலகை அப்படித்தான் இருந்தது. புகையும் தூசியும் ஏறி, மழைக்கால மேகம்போல. மத்தியானம் அந்த அறைக்குள் போனால் மாலை ஆகிவிட்டதோ என்று தோன்றும்.

ஆடித்தபசுத் திருவிழா நெருங்கும்போது எங்கள் ஊரில் பெயிண்டர் கிடைப்பது லேசு இல்லை. சொந்தபந்தம் எல்லாம் வரும் என்று ஊரே வீட்டுக்கு வண்ணம் அடிக்கும். இரண்டு பேரிடம் கேட்டோம். இருவரும் தபசு முடியட்டும் என்றார்கள்.

கோமதி சிரித்தாள். "வீட்டுல ஒயர்மேன வச்சுக்கிட்டு நான் பெயிண்டர் பின்னால அலையணுமாக்கும். நீங்க ஏறாத உயரமா இது."

நானும் சிரித்தேன். பேச்சைப் பெயிண்ட் விலைக்கு மாற்றினேன்.

பெயிண்ட் கடைக்கு அவள் ஒரு நூல்கண்டை எடுத்துக்கொண்டு வந்தாள். கடைக்காரர் வண்ண அட்டையை விரித்தார். அதை அவள் பார்க்கவே இல்லை. நூல்கண்டை மேசையில் வைத்து, "இந்தக் கலர் வேணும்" என்றாள். வெளிறிய நீலம். வெயில் ஏறுவதற்கு முன்னால் மேற்கே மலைக்கு மேல் கொஞ்ச நேரம் இருக்குமே, அது. கடைக்காரர் மூன்று தடவை கலந்தார். மூன்றாவது தடவைதான் அவள் தலையசைத்தாள்.

"மேல இருந்தா என்ன தெரியும்?"

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

கல்யாணமான புதிதில் ஒருநாள், வேலை முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பரிமாறிக்கொண்டே கோமதி கேட்டாள்: "கம்பத்துக்கு மேல இருந்து பாத்தா என்ன தெரியும்?"

அதுவரை யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. ஷாக் அடிக்காதா, பயமாக இருக்காதா, எவ்வளவு சம்பளம் என்றுதான் கேட்பார்கள். நான் யோசித்து யோசித்துச் சொன்னேன். தறிக்கூடங்களின் கூரை பஞ்சு படிந்து வெள்ளையாகத் தெரியும். மொட்டைமாடியில் வடகம் காயவைத்தவள் காக்காய்க்குப் பயந்து குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நிறுத்தி வைத்திருந்த டிராக்டரின் சீட்டில் ஓர் ஆட்டுக்குட்டி உறங்கியது. சிவகிரிப் பக்கம் மலையை மேகம் பாதி மூடியிருந்தது.

அவள் சோற்றுக் கரண்டியைப் பிடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. சாயந்திரம் அவள் மிஷினில் இருப்பாள். நான் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருப்பேன். "இன்னைக்கு எத்தன போஸ்ட்டு?" என்பாள். நாலு என்றால் நான்கு கம்பத்து மேலிருந்து பார்த்ததையும் சொல்ல வேண்டும். அவள் காலடியில் மிஷின் சத்தம் ஓடிக்கொண்டே இருக்கும். நல்லதாக ஏதாவது வந்துவிட்டால் மட்டும் சத்தம் நிற்கும்.

கரிசல்

நான் விழுந்தது மேலநீலிதநல்லூர் தாண்டி ஓர் உளுந்துக் காட்டில்.

ஐப்பசி. நல்ல மழை பெய்து ஓய்ந்திருந்தது. கரண்டை நிறுத்திவிட்டுத்தான் ஏறினேன். வேலையும் முடிந்துவிட்டது. இறங்குவதற்குக் காலை மாற்றியபோது ஏணியின் ஒரு கால் கரிசலுக்குள் இறங்கியது. யார் மேலும் குற்றமில்லை. மண் அப்படி ஊறியிருந்தது. பெல்ட்டை அப்போதுதான் கழற்றியிருந்தேன்.

பதினெட்டு அடி. கண் மூடித் திறக்கும் நேரம்தான் ஆகியிருக்கும் என்பார்கள். எனக்கு அது ஒரு முழுப் பகல். தூரத்தில் காற்றாலை ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. அதன் மூன்று இறக்கைகளையும் தனித்தனியாகப் பார்த்தேன். ஒரு கொக்கு காட்டுக்கு மேலே போனது. அதற்கு என்னைவிட அவசரம் இருந்ததுபோல் தோன்றியது. கம்பி மேலே போய்க்கொண்டே இருந்தது. வானம் கழுவினாற்போல இருந்தது. உளுந்துச் செடி வாசம் வந்தது. பிறகு மண் என்னை வாங்கிக்கொண்டது.

ஈரக் கரிசல் என்பதால் பிழைத்தேன். தோள்பட்டை எலும்பும் இரண்டு விலாவும் போயின. மூன்று மாதம் கழித்து வேலையில் சேர்ந்தேன்.

சேர்ந்த முதல் நாள் ஏணியில் கால் வைத்தேன். கால் வந்தது. உடம்பு வரவில்லை.

கூட வேலை பார்க்கும் இசக்கிமுத்து, "நான் ஏறுதேன், நீரு பிடியும்" என்றார். அன்று தப்பித்தேன். மறுநாள் போன் வந்ததுபோல் காதில் வைத்துக்கொண்டேன். அதற்கடுத்த நாள் தோள் வலி. இப்படியே இரண்டு வருடம். நான் கீழேயே நின்றேன். ஒருவரும் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் கோமதி கேட்பாள். "இன்னைக்கு எத்தன போஸ்ட்டு?"

"மூணு" என்பேன். மூன்று கம்பத்து மேலிருந்து நான் பார்க்காததை எல்லாம் சொல்லுவேன். குளத்தில் தண்ணீர் மயில் கழுத்துபோலக் கிடந்தது என்பேன். சூரியகாந்திக் காட்டில் ஒரே ஒரு பூ மட்டும் மேற்கே திரும்பியிருந்தது என்பேன். உண்மையிலேயே பார்த்த காலத்தில்கூட நான் இவ்வளவு அழகாகச் சொன்னதில்லை. சொல்லச் சொல்ல எனக்கே மேலே நிற்பதுபோல இருக்கும். காற்றுகூட வரும்.

நாலாவது படி

பந்தல் கடையிலிருந்து இரும்புச் சாரம் எடுத்து வந்தோம். ஒன்பது அடியில் பலகையைக் கடை ஆட்களே போட்டுக் கொடுத்தார்கள். பக்கத்தில் நான் ஏணி கட்டினேன். கட்டும்வரை கை நன்றாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை லீவு போட்டேன். ஒட்டடைக் கம்பில் விளக்குமாற்றைக் கட்டிக் கீழே நின்றே பலகையைத் தேய்த்தேன். அப்போதுதான் தெரிந்தது, பலகைச் சந்துகளில் எல்லாம் பழைய வத்தல் தூசி. எத்தனை வருடத்துத் தூசியோ, காரம் குறையவில்லை. சிவப்பாக, மெதுவாக, வெயில் கட்டத்துக்குள் மிதந்து இறங்கியது. பார்க்க அழகாக இருந்தது. அடுத்த நிமிடம் இருவரும் தும்ம ஆரம்பித்தோம். கோமதி தும்மிக்கொண்டே சிரித்தாள். கண்ணில் நீர் வழிய மாடிப்படியில் போய் உட்கார்ந்தோம். ஜில்லென்று தண்ணீர் ஊற்றி முகம் கழுவிவிட்டாள்.

சனிக்கிழமை பலகைக்கு நீலப் பூச்சு. ரோலருக்கு நீளமான கம்பு மாட்டியிருந்தேன். சுவரோரத்துச் சாய்வு முழுவதும் தரையில் நின்றே அடித்துவிட்டேன். நடு முகடு மட்டும் மிச்சம். அங்கே கம்பு எட்டினாலும் ரோலரை அழுத்தி உருட்ட முடியாது. ஏறித்தான் ஆக வேண்டும்.

"காயட்டும்" என்றேன். பிறகு "காத்து கூடுதலா இருக்கு" என்றேன். அறைக்குள் ஏது காற்று என்று அவள் கேட்கவில்லை. ஒருமுறை என்னை ஏறிட்டுப் பார்த்தாள். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நீலத்தைக் கலக்கி வைத்துவிட்டு, "ஏறுங்க" என்றாள்.

ஏறினேன். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது படியில் கால் வைத்ததும் அறை பின்னால் சாய ஆரம்பித்தது. முகடு மேலே போய்க்கொண்டே இருந்தது. ஏணியின் இரும்பு என் உள்ளங்கைக்குள் வழுக்கியது. வியர்வை. ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. தரை நான்கு அடியில்தான் இருந்தது.

எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியாது. என் முதுகில் அவள் கை பட்டது.

"பாக்காண்டாம். மேலயும் பாக்காண்டாம், கீழயும் பாக்காண்டாம். வலது கால எடுங்க. ம். நான் பிடிச்சிருக்கேன். இப்ப இடது காலு."

தரைக்கு வந்ததும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். அவளும் எதிரே உட்கார்ந்தாள்.

"எப்போலேர்ந்து?"

"விழுந்ததுலேர்ந்து."

"அதுக்கப்புறம் ஏறவே இல்லையா?"

"இல்ல."

"ஒரு போஸ்ட்டு கூட?"

"இல்ல."

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பொய்க் குளத்தையும் பொய்ப் பூவையும் பற்றிக் கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன். அதைக் கேட்கவில்லை.

"ரெண்டு வருசமா நான் என்ன செஞ்சேன்னு தெரியுமா உங்களுக்கு" என்றாள். குரல் உயரவே இல்லை. "போன் அடிச்சா எடுக்கதுக்கு முன்னால ஒரு மூச்சு நின்னுட்டுத்தான் எடுப்பேன். மேகம் கறுத்தா தைக்க மாட்டேன். தைச்சா அளவு தப்பிரும். சாயந்திரம் உங்க வண்டிச் சத்தம் கேட்ட பிறகுதான் எனக்குத் தண்ணி இறங்கும். நீங்க தரையிலதான் நிக்கீங்கன்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா, நான் நிம்மதியா இருந்திருப்பேன்."

என் வெட்கத்தை மறைப்பதாக நினைத்துக்கொண்டு, நடக்காத ஆபத்துக்கு அவளைத் தினமும் காவல் இருக்க வைத்திருக்கிறேன். கதை சொல்லும்போது மிஷின் நின்றதே, அழகுக்காக நின்றது என்று நினைத்திருந்தேன். பாதி நாள் பயத்தில் நின்றிருக்கிறது.

"வெக்கமா இருந்துச்சு" என்றேன்.

"என்கிட்டயா?"

எழுந்து போய்க் கொடியில் கிடந்த என் பழைய காக்கிச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டாள். சேலையைத் தூக்கிச் செருகினாள். நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் நாலாவது படியைத் தாண்டியிருந்தாள்.

கண்ணாடி ஓடு

சாரத்தை நான் பிடித்துக்கொண்டேன்.

ரொம்ப நேரத்துக்குப் பெயிண்ட் சத்தம் மட்டும்தான். ரோலர் ஒட்டி ஒட்டி விடுபடும் ஈரச் சத்தம். "வாளி" என்பாள், கயிற்றில் கட்டி அனுப்புவேன். "துணி" என்பாள். இந்த இரண்டு வார்த்தை தவிர வேறில்லை. நீலம் மேலே கொஞ்சம் கொஞ்சமாக விரிந்தது. ஒரு பலகை, அடுத்த பலகை. கறுத்துக் கிடந்த முகட்டில் யாரோ ஜன்னலைத் திறந்துகொண்டே போவதுபோல. அறை மெல்ல உயர்ந்தது. சுவர்கள்கூட விலகி நின்றதுபோல் இருந்தது. அண்ணாந்தே நின்றதில் எனக்குக் கண் செருகியது. நிற்கிறேனா மிதக்கிறேனா என்று தெரியாமல் ஒரு மயக்கம். ஆனால் கை மட்டும் இரும்பை விடவில்லை.

மத்தியானம் இருக்கும். ரோலர் சத்தம் நின்றது. கண்ணாடி ஓட்டுக்கு நேரே அவள் முகம் இருந்தது. தூசியைத் துண்டால் துடைத்துவிட்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னாள்.

"எதிர்வீட்டு வேம்புல ஒரு கிளையில மட்டும் பழம் மஞ்சளா இருக்கு."

சாரத்தில் பிடியை மாற்றிக்கொண்டேன்.

"தண்ணி டேங்க் மூடிமேல ரெண்டு புறா. ஒண்ணு உறங்குது. ஒண்ணு அதுக்குக் காவல் இருக்கு."

பிறகு, "கோபுரம் இங்கேருந்து பாத்தா பக்கத்துல இருக்கு. கை நீட்டுனா தொட்டுறலாம்போல" என்றாள்.

"இன்னும்?" என்றேன்.

"இன்னும் இருக்கு. எல்லாத்தையும் சொல்லணுமாக்கும்." குரலில் கோபம் இன்னும் இருந்தது. ஆனால் அதன் ஓரம் மட்டும் இளகியிருந்தது. "நாளைக்கு ஆபீஸ்ல சொல்லிருங்க. என்கிட்ட மறச்சது போதும்."

சாயந்திரம் இறங்கி வந்தபோது அவள் புருவத்தில், காதில், வளையலில் எல்லாம் நீலம். கழுத்து பிடித்துக்கொண்டது. வெந்நீர் வைத்து ஒத்தடம் கொடுத்தேன். அதற்கு மறுப்பு சொல்லவில்லை.

திங்கட்கிழமை

எங்கள் பிரிவு அதிகாரிக்கு முப்பது வயதுகூட இருக்காது. மேடத்தின் மேசைக்கு முன்னால் நின்று, "என்னால ஏற முடியல மேடம். ரெண்டு வருசமாச்சு" என்றேன். இந்த ஒரு வரியை வீட்டிலிருந்து வண்டியில் வரும்போது இருபது தடவை சொல்லிப் பார்த்திருந்தேன்.

மேடம் பேனாவை வைத்தார். "உக்காருங்க அண்ணாச்சி. இத அப்பவே சொல்லிருக்கலாமே" என்றார். திட்டவில்லை. சப்-ஸ்டேஷனில் உட்கார்ந்து பார்க்கிற வேலைக்கு மாற்ற எழுதுவதாகச் சொன்னார். வெளியே வந்தபோது கால்கள் லேசாக இருந்தன. இவ்வளவுதானா என்று இருந்தது.

டீக்கடையில் இசக்கிமுத்து நின்றிருந்தார். அதற்குள் அவருக்குச் செய்தி போய்விட்டது.

"சப்-ஸ்டேஷன் போறீராமே வே."

"ஆமா வே. இனி எனக்கு ஏற முடியாது."

"அது எனக்குத் தெரியாதாக்கும்."

டீயைக் கையில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தேன். "எப்போலேர்ந்து தெரியும்?"

"நீரு திரும்ப வேலைக்கு வந்த மொத நாளே தெரியும். படில கால வச்சுக்கிட்டு மேல பாத்தீரு. நான் உம்ம முகத்தப் பாத்தேன். சரி, இனி நாமதான்னு ஏறிட்டேன்."

"ஏன் வே ஒரு வார்த்த கேக்கல?"

"என்னத்தக் கேக்க. கேட்டா நீரு வீம்புக்கு ஏறிருவீரு."

அவர் டீயை ஆற்றி ஒரு வாய் குடித்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ஒண்ணு சொல்லுதேன். நீரு பிடிக்க ஆரம்பிச்ச பிறகு ஏணி ஒரு தடவ கூட ஆடல. மத்தவன் பிடிச்சா ஒரு கண்ணு ஏணில, ஒரு கண்ணு போன்ல. நான் வேலையப் பாக்கதா, அவனப் பாக்கதா? நீரு கீழ நின்னா நான் குனிஞ்சே பாக்க மாட்டேன். நீரு போயிட்டா இனி குனிஞ்சு பாக்கணும். அதான் யோசனையா இருக்கு."

இரண்டு வருடமாக நான் ஒளிந்துகொண்ட இடம் என்று எதை நினைத்தேனோ, அது அவருக்குத் துணையாக இருந்திருக்கிறது. விழுந்தவனுக்குத்தான் தெரியும், ஏணியின் கால் மண்ணில் எப்போது இறங்கும் என்று. அதை நான் ஒரு வேலை என்று நினைத்ததே இல்லை.

வீட்டுக்குப் போய்க் கோமதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வத்தல் ரூமில் மிஷினை முகட்டுக்கு நேர் கீழே நகர்த்திப் போட்டிருந்தாள். டியூப்லைட் எதுவும் எரியவில்லை. மெரூன் துணியில் மெரூன் நூல் ஓடிக்கொண்டிருந்தது. அவள் மீதும் துணி மீதும் நூல் மீதும் அந்த லேசான நீலத்தின் வெளிச்சம், தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல.

"சப்-ஸ்டேஷனா, ஏணி பிடிக்கதா, உங்களுக்கு எது பிடிச்சிருக்கு?" என்றாள்.

நான் யோசித்துச் சொன்னேன். அவள் தலையசைத்துவிட்டு மறுபடி தைக்க ஆரம்பித்தாள்.

மறுநாள் மேடத்திடம் போய், சப்-ஸ்டேஷன் வேண்டாம், இசக்கிமுத்துவோடு கீழே நிற்கிற ஆளாகவே இருக்கிறேன் என்று கேட்டேன். யோசித்தார். இனி ஏணியில் கால் வைப்பதில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னார். போட்டுத் தந்தேன்.

அன்று மத்தியானமே ஒரு தெருவில் கம்பி தொய்ந்துவிட்டது என்று புகார். ஏணியைச் சாத்தினோம். அதன் இரண்டு கால்களுக்கும் அடியில் மண்ணைக் கையால் தொட்டுப் பார்த்தேன், குதிகாலால் மிதித்துப் பார்த்தேன், கல் இரண்டு எடுத்து முட்டுக் கொடுத்தேன். இசக்கிமுத்து பெல்ட்டை மாட்டிக்கொண்டு ஏறினார். சட்டைப்பையில் என் போன் அடித்தது. அடித்து ஓயட்டும் என்று விட்டேன்.

மேலே அவர் வேலை பார்த்தது கால் மணி நேரம் இருக்கும். ஒரு தடவைகூடக் குனிந்து பார்க்கவில்லை.